பை-டூ செட்டிங்ஸ்

எங்கள் ஆபீசில் கறுப்புத் திரை வைத்திருப்பவன்தான் புரோகிராமர். வெளிச்சமான திரை வைத்திருப்பவள் வேறு ஏதோ டிபார்ட்மென்டிலிருந்து வழி தவறி வந்தவள். அடுகோடி ஏரியாவில், நாலாவது மாடியில் இருபத்திரண்டு பேர் கறுப்புப் பின்னணியில் பச்சையும் ஊதாவுமாகக் கோட் எழுதிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் வெளிர் மஞ்சள் பின்னணியில், கல்யாணப் பத்திரிகைத் தலைப்பு அளவு எழுத்தில் எழுதினேன். 'டியூப்லைட்' என்று பேர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். காரணத்தைச் சொல்வதைவிடப் பட்டப்பேர் வாங்கிக்கொள்வது சுலபம்.

காரணம் இதுதான். எனக்குக் கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வரும் நோய். குருடாகிவிட மாட்டேன், பயப்பட வேண்டாம். கறுப்பில் வெள்ளை எழுத்து என்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு நிழல் தெரியும், அந்த நிழலுக்கு இன்னொரு நிழல். வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து, கொஞ்சம் பெரிதாக, கண்ணில் லென்ஸும் இருந்துவிட்டால் நான் எவனுக்கும் குறைந்தவள் இல்லை.

இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் இதை வெகுளியாக மேனேஜரிடம் சொன்னேன். அடுத்த மாதமே, 'உங்க கண்ணுக்கு நல்லது' என்று சொல்லி, கோட் எழுதும் வேலையைப் பிடுங்கிக்கொண்டு போனில் புகார் கேட்கும் வேலையில் உட்கார வைத்தார்கள். பரிதாபப்பட்டே ஓர் ஆளைக் காலி பண்ண முடியும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதனால் இந்த ஆபீசில் சேர்ந்தபோது வாயைத் திறக்கவில்லை. ஜோகுபாளையம் வீட்டில் அம்மா எல்லம்மாவுக்குத் தெரியும். ஆபீசில் ஒரே ஒருத்தனுக்குத் தெரியும். அவன் பெயர் வெங்கி.

வெங்கி மல்லேஸ்வரத்துக்காரன். தாத்தா காலத்திலேயே சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் பாதிப் பேர் இன்ஜினியர், மீதிப் பேர் அமெரிக்கா. என் அப்பா அல்சூரில் ஆட்டோ ஓட்டியவர். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒரு மென்பொருள். பள்ளிக்கூட வேன் இப்போது எந்த ஸ்டாப்பில் இருக்கிறது என்று பெற்றோருக்கு போனில் காட்டுகிற செயலி அது. நாங்கள் இருவரும் சேர்ந்து முதலிலிருந்து கட்டியது.

கோட் எழுதும் எடிட்டரில் ஒரு வசதி உண்டு. நம் அக்கவுண்டில் நுழைந்தால் போதும், நாம் பார்த்துப் பார்த்து வைத்த நிறம், எழுத்தளவு, ஷார்ட்கட் எல்லாம் எந்த கம்ப்யூட்டருக்கும் தானாக வந்து சேரும். வெங்கி வேலைக்குச் சேர்ந்த அன்று அவன் லேப்டாப் துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது. நான் வைத்திருந்த வசதிகளைப் பார்த்துவிட்டு எனக்கும் வேண்டும் என்றான். என் அக்கவுண்டிலேயே அவன் மெஷினிலும் நுழைந்து கொடுத்தேன். அப்புறமாகத் தனி அக்கவுண்ட் போட்டுக்கொள் என்றேன். அந்த அப்புறம் மூன்று வருஷமாக வரவில்லை. ஒரே அக்கவுண்டுக்குள் 'ஷோபா' என்று ஒரு புரொஃபைல், 'வெங்கி' என்று ஒரு புரொஃபைல். மஞ்சள் எனக்கு, கறுப்பு அவனுக்கு, மற்றதெல்லாம் பொது. இந்த ஊரில் ஒரு காப்பியை வாங்கி இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாகக் குடிப்பதற்குப் பை-டூ என்று பேர். எங்கள் அக்கவுண்டும் பை-டூ. பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதே என்று வருஷத்துக்கு ஒரு தடவை ஆபீசில் வகுப்பு எடுப்பார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் அதைக் கேட்டோம்.

செட்டிங்ஸ் எல்லாம் ஒரு கோப்பில் வரிவரியாக இருக்கும். ஒரு வரியின் முன்னால் இரண்டு சாய்கோடு போட்டுவிட்டால் மெஷின் அந்த வரியைப் படிக்காது, மனிதர்கள் மட்டும்தான் படிப்பார்கள். அதில்தான் நாங்கள் சீட்டு அனுப்பிக்கொள்வோம். 'ஷோபா, இடைவெளி ரெண்டுதான், நாலு ஆக்காதே' என்று அவன் எழுதி வைப்பான். நான் நாலு ஆக்கிவிட்டு, 'போய்க் கண்ணைக் காட்டு' என்று அடியில் எழுதுவேன். காலையில் வந்ததும் நான் முதலில் திறப்பது மெயில் இல்லை, அந்தக் கோப்புத்தான்.

என் கண் சங்கதி அவனுக்குத் தெரிந்தது ஒரு விபத்தில். ஒருநாள் மேஜையிலேயே லென்ஸ் கழன்று கீழே விழுந்துவிட்டது. நான் கையால் தரையைத் துழாவிக்கொண்டிருக்க, அவன் எதுவும் கேட்காமல் மண்டி போட்டு, ஒயர்களுக்கு நடுவில் தேடி எடுத்துக் கொடுத்தான். அப்புறம்தான் கேட்டான். சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை, லீவு நாளில், எனக்காக ஆபீசுக்கு வந்தான். ஒவ்வொரு நிறமாக அவன் மாற்ற, நான் நாலடி தள்ளி நின்று படிக்க, சாயங்காலம் வரை அதுதான் வேலை. எது கண்ணைக் குத்துகிறது, எது மங்குகிறது, பிழை இருக்கும் இடத்தில் சிவப்புக்குப் பதில் தடித்த கோடு போட்டால் தெரிகிறதா என்று ஒன்றொன்றாகக் கேட்டான். கடைசியில் வந்து நின்ற பின்னணியைப் பார்த்து, "மஞ்சளும் இல்ல, பிரவுனும் இல்ல, அசல் ஒப்பட்டு கலர்" என்றான். போளிக்கு இந்த ஊர்ப் பேர் ஒப்பட்டு. அந்த நிறக்கட்டுக்கும் அதையே பெயராக வைத்தான். எந்தக் கண் ஆஸ்பத்திரியிலும் எனக்காக ஒருத்தரும் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது கிடையாது. அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அழுதேன். சந்தோஷத்தில்தான்.

நானும் அவனுக்குக் குறை வைக்கவில்லை. போன ஜூனில் அவன் இரண்டு ஸ்டாப்புகளை இடம் மாற்றி எழுதிவிட்டான். வேன் சந்தாபுரத்தில் நிற்கும்போது, அத்திபெலேக்கு வந்துவிட்டது என்று பெற்றோருக்குச் செய்தி போனது. கொட்டுகிற மழையில் குழந்தைகள் முக்கால் மணி நேரம் ரோட்டில் நின்றன. நான்தான் கண்டுபிடித்துச் சரி செய்தேன். என்ன ஆச்சு என்று மேனேஜர் கேட்டபோது, சர்வர் தகராறு என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

அந்த மேனேஜர் சேஷகிரி. மைசூர்ப் பக்கம், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார், நல்ல மனிதர் என்று பேர் எடுத்தவர். போன மாதம் ஒரு வியாழக்கிழமை எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"டீமைச் சின்னதா பண்றாங்க. இந்த வேன் ப்ராஜெக்ட்ல ஒருத்தர்தான் இருக்க முடியும். அவங்க லீட். இன்னொருத்தருக்கு வேற இடம் பாக்கணும். யாரு என்னென்ன பண்றீங்க, யாரு எதுல ஸ்ட்ராங்னு ஆளுக்கு ஒரு பேஜ் எழுதிக் கொடுங்க, ஆய்த்தா? திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள."

வேற இடம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். போன் எடுத்துப் புகார் கேட்கும் இடம்.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு எதிரில் இருக்கிற தர்ஷினி ஓட்டலில் நின்றபடி பை-டூ வாங்கினோம். வெங்கிதான் முதலில் பேச்செடுத்தான்.

"நம்மள மோத விட்டு வேடிக்கை பாக்கறாங்க ஷோபா. நாம மோத வேண்டாம். ரெண்டு பேரும் ஒரே வரிதான் எழுதறோம். எல்லாமே ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினது, ரெண்டு பேரும் சமம். அவ்வளவுதான். அப்புறம் அவங்களே முடிவு பண்ணட்டும்."

"இன்னா, நெஜமாவா?"

"ப்ராமிஸ்."

நான் ஞாயிற்றுக்கிழமையே எழுதி முடித்தேன். அத்திபெலே மழையை எழுதவில்லை. எழுதியிருந்தால் அன்றைக்கே அவன் கதை முடிந்திருக்கும். கை போகவில்லை, கொடுத்த வாக்கு வாக்குத்தானே.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல் அந்தக் கோப்பைத் திறந்தேன். சீட்டு எதுவும் இல்லை. அடியில் ஒரு சொல் பட்டியல் உண்டு. எடிட்டருக்குத் தெரியாத சொல் எதை எழுதினாலும் அது கீழே நெளிகோடு போட்டுத் தொந்தரவு செய்யும். இது எனக்குத் தெரிந்த சொல்தான், விட்டுவிடு என்று நாம் சொன்னால், அந்தச் சொல்லைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். பட்டியலும் இருவருக்கும் பொது. மூன்று வருஷத்தில் அதில் எங்கள் பெயர்கள், வேன் ஸ்டாப்புகள், பள்ளிக்கூடங்களின் பெயர்கள் என்று நூற்றுக்கு மேல் சேர்ந்திருந்தன. எல்லாம் எனக்கு மனப்பாடம்.

புதிதாக மூன்று சொற்கள் இருந்தன.

சேஷகிரி. ஒப்பட்டு. கெரட்டோகோனஸ்.

நான் சேர்க்கவில்லை. அப்படியானால் சேர்த்தவன் ஒருத்தன்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் உட்கார்ந்து சேஷகிரிக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறான். அதில் என் நோயின் பெயர் வருகிறது, என் நிறக்கட்டின் பெயர் வருகிறது. நோயின் பெயருக்கு அடியில் நெளிகோடு விழுந்திருக்கிறது. அது அவன் கண்ணை உறுத்தியிருக்கிறது. இந்தச் சொல் சரிதான், விட்டுவிடு என்று சொல்லிவிட்டு மேலே எழுதிக்கொண்டு போயிருக்கிறான். அந்தச் சொல் என் மேஜைக்கும் வந்து சேரும் என்பது மறந்தேபோயிருக்கிறது. மூன்று வருஷப் பழக்கத்தில் அந்த அக்கவுண்ட் யாருடையது என்பதையே மறந்துவிட்டான்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே இருந்தேன். ஆனாலும் மனசு இருக்கிறதே, அது ஒரு மானங்கெட்டது. எனக்கு ஏதாவது உதவி கேட்டு எழுதியிருப்பானோ, நல்ல மானிட்டர் வாங்கித் தரச் சொல்லியிருப்பானோ என்று அவனுக்கு வக்கீல் வேலை பார்த்தது. சரி, அவன் வாயாலேயே கேட்டுவிடலாம் என்று பதினோரு மணிக்கு அவனோடு தர்ஷினிக்குப் போனேன்.

அவன் காப்பியைப் பிரித்து ஊற்றினான். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினான்.

"பேஜ் எழுதிட்டியா வெங்கி?" என்றேன்.

"எழுதிட்டேனே."

"இன்னா எழுதின?"

"பேசினதுதான். ரெண்டு பேரும் சமம். ரெண்டே வரி, சுருக்கா முடிச்சுட்டேன்." டம்ளரை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "கண்ணு ஏன் செவந்திருக்கு? லென்ஸ் குத்தறதா?"

பொய்யைக்கூட மன்னித்திருப்பேன் போலிருக்கிறது. அந்த லென்ஸ் கேள்விதான் தாங்கவில்லை. என்னைப் பற்றி அக்கறையாகக் கேட்கத் தெரிந்த அதே வாய். தூசி விழுந்துவிட்டது என்றேன்.

புதன்கிழமை சேஷகிரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அப்போதே புரிந்துவிட்டது. பழைய ஆபீசிலும் முதலில் தண்ணீர்தான் கொடுத்தார்கள்.

"இவ்வளவு கஷ்டத்த வெச்சுக்கிட்டு ஏன்மா எங்ககிட்ட சொல்லல?" என்றார். மேஜையில் ஓர் அச்சடித்த தாள் இருந்தது. என் புரொஃபைல். எழுத்தளவு இருபத்தாறு, கர்சர் தடிமன், பின்னணி நிறத்தின் எண், வரி இடைவெளி என்று நானும் வெங்கியும் அந்தச் சனிக்கிழமை ஒவ்வொன்றாக வைத்த அத்தனையும். பக்கத்தில் யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். நான் நன்றாகப் பார்ப்பதற்காகச் செய்தவை எல்லாம், நான் பார்க்க முடியாதவள் என்பதற்கு ருசுவாக வரிசையில் நின்றன.

"சார், இந்த செட்டிங்ல மூணு வருஷமா வேலை பண்றேன். ஏதாவது ஒரு தப்பு காட்டுங்க."

"தப்புன்னு நான் சொன்னேனாம்மா? உங்க நல்லதுக்குத்தான். லீட்னா பிரஷர் ஜாஸ்தி. வெங்கி பாத்துக்கட்டும். உங்களுக்கு சப்போர்ட் டீம்ல, போன் வேலை, ஸ்க்ரீன் அவ்வளவா இல்ல. ஆராமா, நிம்மதியா இருக்கலாம்."

"யார் சார் சொன்னது?"

"யாருன்றது முக்கியம் இல்லம்மா."

அத்திபெலே மழை நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது சொன்னால் வேலை போன ஆத்திரத்தில் கோள் மூட்டுகிறாள் என்பார்கள். அன்றைக்குச் சர்வர் தகராறு என்று சொன்னவளும் நான்தானே. எனக்கு நானே வாயில் துணி அடைத்து வைத்திருந்தேன். சரி சார் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மேஜைக்கு வந்ததும் எனக்கென்று புதிதாக ஓர் அக்கவுண்ட் திறந்தேன். ஒப்பட்டு முழுவதையும் அதற்கு மாற்றினேன். பழைய அக்கவுண்டில் 'ஷோபா' என்ற புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். நிச்சயமாகவா என்று எடிட்டர் ஒரு தடவை கேட்டது. அந்த வாரத்தில் என்னிடம் அப்படிக் கேட்ட ஒரே ஜீவன் அதுதான். சொல் பட்டியலை மட்டும் தொடவில்லை.

மறுநாள் சென்னையிலிருந்து வாடிக்கையாளர் கம்பெனியின் ஆட்கள் ஆறு பேர் வந்தார்கள். கோட் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். புது லீட் வெங்கி விளக்கம் கொடுத்தான். ஜன்னல் திரை சரியாக மூடாத அறை, வயசான புரொஜெக்டர். அவனுடைய கறுப்புத் திரை சுவரில் விழுந்தபோது சாம்பல் நிறத்தில் ஏதோ அழுக்கு மாதிரிதான் தெரிந்தது.

"ஒண்ணுமே தெரியலையே தம்பி" என்றார் முன் வரிசையில் இருந்த ஒருவர்.

வெங்கி எழுத்தைப் பெரிதாக்கினான். பெரிய அழுக்காகத் தெரிந்தது. வெளிச்சமான வேறு நிறக்கட்டு ஒன்றை மாற்றிப் பார்த்தான். அதில் பாதி எழுத்து வெயிலில் கரைந்து போனது. பின்னால் இரண்டு பேர் போனை எடுத்துவிட்டார்கள். சேஷகிரிக்குப் பொறுக்கவில்லை.

"வெங்கி, அந்த ஷோபா செட்டிங் உங்ககிட்ட இருக்கல்லா? எனக்கு ப்ரிண்ட் போட்டுக் கொடுத்தீங்களே, அந்த ஒப்பட்டு. அத போடுங்கப்பா."

சொல்லி முடித்த பிறகுதான் நான் அந்த அறையில் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. கையில் இருந்த பேனாவை மூடித் திறந்தார். வெங்கி என் பக்கம் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது. குனிந்து புரொஃபைல் பட்டியலைத் திறந்தான். அது சுவரில் ஆறடி அகலத்துக்கு விழுந்தது. அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது, 'வெங்கி'. மூடிவிட்டு மறுபடி திறந்தான். மறுபடியும் அதே ஒரு பெயர்.

அவனை அப்படியே நிற்க விட்டிருக்கலாம். விடத்தான் நினைத்தேன். ஆனால் சுவரில் இருந்தது நானும் சேர்ந்து எழுதிய கோட்தான். எழுந்து போய் கேபிளை அவன் லேப்டாப்பிலிருந்து உருவி என்னுடையதில் சொருகினேன். சுவர் முழுக்க ஒப்பட்டு விரிந்தது. கடைசி வரிசையில் இருந்தவர் போனைக் கீழே வைத்துவிட்டு, முதல் வரியைச் சத்தமாகவே படித்தார்.

"இப்ப ஜோரா தெரியுது. இதை யாருங்க செட் பண்ணது?"

"ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினது சார்" என்றேன். "ரெண்டு பேரும் சமம்."

சேஷகிரி மேஜையைப் பார்த்தார். அந்த வரி அவருக்கு வந்த இரண்டு பக்கங்களில் ஒன்றில்தான் இருந்தது என்று அவருக்குத் தெரியும். அதனால் எதுவும் மாறிவிடவில்லை. எனக்கான ஆர்டர் அன்று மத்தியானமே மெயிலில் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து சப்போர்ட் டீம்.

லிஃப்ட் பக்கத்தில் வெங்கி என்னைப் பிடித்துக்கொண்டான்.

"புரொஃபைலை எடுத்துட்டியா ஷோபா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எல்லார் முன்னாடியும் அசிங்கமாப் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமாம். கூட இருந்தே குழி பறித்தவனுக்கு, குழிக்குள் கிடப்பவள் தகவல் சொல்லவில்லை என்று வருத்தம். அவன் கையில் லேப்டாப் திறந்தபடியே இருந்தது. அதில் சொல் பட்டியலைத் திறந்து மூன்று இடத்தில் விரலை வைத்தேன். சேஷகிரி. ஒப்பட்டு. கெரட்டோகோனஸ்.

அவன் பார்த்தான். முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிவது முகத்தில் மெதுவாக ஏறியதை என் கண்ணாலேயே பார்த்தேன், நிழல் எதுவும் இல்லாமல், தெளிவாக.

"உன் நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தான்.

"எங்கிட்ட அந்த வார்த்தையச் சொல்லாத வெங்கி. என் நல்லதுக்குன்னா என்னக் கேட்டுட்டு எழுதியிருப்ப."

லிஃப்ட் வந்தது, போனது. அவன் குரல் இறங்கிவிட்டது.

"இத எப்ப பாத்த?"

"திங்கக்கிழமை காலையில. காப்பிக்கு முன்னாடி."

அந்தத் திங்கட்கிழமைக் காப்பியை அவன் ஒரு மடக்கு ஒரு மடக்காகத் திரும்ப நினைத்துப் பார்க்கிறான் என்று தெரிந்தது. இரண்டே வரி என்றது, லென்ஸ் குத்துகிறதா என்றது, எல்லாவற்றையும் நான் தெரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது. பார்த்துக்கொள்ளட்டும் என்று படியிறங்கி வந்துவிட்டேன்.

தர்ஷினியில் கல்லாவில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் வழக்கம்போலப் பை-டூவுக்குச் சீட்டு கிழித்தார். "இல்ல அண்ணா, ஒந்து ஃபுல்" என்றேன். முழுக் காப்பியை வாங்கிக்கொண்டு எப்போதும் நிற்கிற மேஜையிலேயே நின்றேன். கோபம் இருந்தது. அதைவிட அதிகமாக, எனக்காக நிறம் பார்த்த அந்தச் சனிக்கிழமை பொய்யா நிஜமா என்று தெரியாத வேதனை இருந்தது. நிஜம்தான் என்று நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

பாதி குடித்ததும் என் கை பழக்கத்தில் டம்ளரை மேஜையின் எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளி வைத்தது. அங்கே யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இழுத்து மீதியையும் நானே குடித்தேன். ஆறிப்போயிருந்தது.